சப்பாத்துத் தைக்கும் பொறி பிறந்த ஊர்

ஊரின் பெயரால் புகையிரத நிலையத்தை வழங்குவது எந்நாட்டிலும் உள்ள வழக்கம். மருதானை, மாகோ, அனுராதபுரம், கொடிகாமம் என்று நம் நாட்டு நிலையங்களும் அவ்வாறே பெயர் பெற்றுள்ளன. ஆனால் ஒரு தையல் இயந்திரத்தின் பெயரைத் தாங்கி நிற்கும் புகையிரத நிலையமும் உலகில் உண்டு என்றால் வாசகர்கள் வியப்படையக்கூடும். ஸ்கொட்லாந்து நாட்டின் கிளாஸ்கோ மாநகரில், குயீன் ஸ்ட்ரீட் நிலையத்தில் வண்டியேறி வடமேற்குத் திசையில் ஏறக்குறைய அரைமணி நேரம் பயணஞ் செய்தால் ‘சிங்கர்’ என்னும் பெயர்ப்பலகை கண்ணிற்படும். நம் தாய்மாரும் பாட்டிமாரும் வீட்டுத் திண்ணையிலே வைத்துச் சட்டை தைத்த அதே சிங்கரின் பெயர்தான் அது.

நாம் அங்கே இறங்கியபோது காலை பத்து மணி. வானம் மூடியிருந்தது, மெல்லிய தூறலும் குளிர்காற்றும் எம்மை வரவேற்றன. நிலையத்தின் பெயருக்குக் காரணமான தொழிற்சாலை எங்கே என்று சுற்றுமுற்றும் நோக்கினோம். தாழ்ந்த கூரையையுடைய புதிய அலுவலகக் கட்டிடங்களும் மோட்டார் வண்டிகள் நிறுத்தும் வெளிகளுமே தென்பட்டன. தையல் இயந்திரத் தொழிற்சாலைகளுள் உலகத்திலேயே மிகப் பெரியதாக விளங்கியது இங்கேதான் நின்றது என்பதை எவரேனும் எடுத்துச் சொன்னாலன்றி அறிய இயலாது.

இத்துணை தூரம் நாம் சென்றதற்கு ஒரு காரணம் உண்டு. துணி தைக்கும் சிங்கரை அறியாதார் இல்லை. ஆனால் தோல் தைக்கும் சிங்கரை, சப்பாத்துத் திருத்துவோரின் கடைகளிலே நாம் கண்டும் காணாது கடந்து போகின்றோம். கறுத்து, எண்ணெய்ப் பிசுக்கேறி, பாட்டன் காலத்ததோ பூட்டன் காலத்ததோ என்று சொல்ல முடியாதபடி அது நிற்கும். அப்பொறி பிறந்த ஊரையும், பழுதுபட்ட பொறிகளுக்கு இன்றும் உயிர் கொடுப்போர் தொழில் செய்யும் விதத்தையும் நேரிற் காணவேண்டுமென்பதே எமது ஆவல்.

குன்றின்மேல் எழுந்த ஆலை

ஐசாக் மெரிட் சிங்கர் என்பவர் அமெரிக்க நாட்டிலே நாடக நடிகராக ஊர்சுற்றித் திரிந்தவர். 1851ஆம் ஆண்டில் தமது தையல் இயந்திரத்துக்கு அந்நாட்டு அரசாங்கத்தின் காப்புரிமையைப் பெற்றார். அவருடைய பங்காளியாகிய எட்வேர்ட் கிளார்க் 1856இல் தவணைமுறை விற்பனையைத் தொடங்கிவைத்தார். மாதந்தோறும் சிறுதொகை கட்டி இயந்திரத்தைச் சொந்தமாக்கிக் கொள்ளும் அவ்வழி பின்னர் உலகெங்கும் பரவியது. நம் நாட்டிலும் 1877ஆம் ஆண்டிலேயே சிங்கர் நிறுவனம் கொழும்பிற் கால்வைத்துவிட்டது.

விற்பனை பெருகவே, கடல்கடந்த நாடுகளுக்காக 1867இல் கிளாஸ்கோவில் ஒரு தொழிற்சாலை தொடங்கப்பட்டது. அதுவும் போதாமற் போயிற்று. 1882இல் நகருக்கு வெளியே, கில்போவி என்னுமிடத்தில், 46 ஏக்கர் நிலத்தில் புதிய ஆலைக்கு அடிக்கல் நாட்டப்பட்டது. 1885இல் வேலைகள் அங்கே மாற்றப்பட்டன. வயல்வெளியாயிருந்த இடம் கிளைட்பாங்க் என்னும் நகரமாயிற்று. கிளைட் ஆற்றங்கரையிலே கப்பல் கட்டுந் தளம். மேட்டு நிலத்திலே தையல் இயந்திர ஆலை. ‘குயீன் மேரி’, ‘குயீன் எலிசபெத்’ என்னும் பெருங்கப்பல்கள் பிறந்ததும் இவ்வூரின் ஆற்றங்கரையிலேதான்.

ஆலையின் நடுவே 200 அடி உயரமான மணிக்கூட்டுக் கோபுரம் எழுந்தது. பிற்காலத்திற் புதுப்பிக்கப்பட்ட அதன் நான்கு முகங்களும் ஒவ்வொன்றும் 26 அடி குறுக்களவுடையவை. தொழிலாளருக்காகவே 1907இல் சிங்கர் புகையிரத நிலையமும் திறக்கப்பட்டது. 1913ஆம் ஆண்டில் மாத்திரம் 13 இலட்சத்துக்கு மேற்பட்ட இயந்திரங்கள் இவ்வாலையிலிருந்து வெளியேறின.

இப்பெருக்கத்தின் பின்னே வியர்வையும் கண்ணீரும் இருந்தன என்பதையும் சொல்லவேண்டும். 1911 மார்ச்சு மாதத்தில், பெட்டிகளுக்கு மெருகிடும் பெண்கள் பன்னிருவர், குறைந்த ஆட்களைக்கொண்டு கூடிய வேலை வாங்கப்படுவதைப் பொறாது வெளியேறினர். சில நாட்களுக்குள் ஏறக்குறைய 11,000 பேர் அவர்களோடு சேர்ந்துகொண்டனர். மூன்று வாரங்களுக்குப் பின் வேலைநிறுத்தம் தோல்வியில் முடிந்தது. முன்னின்றோர் பலர் வேலையை இழந்தனர்.

முப்பது ஆண்டுகளுக்குப் பின் வேறொரு துன்பம் வந்தது. 1941ஆம் ஆண்டு மார்ச்சு மாதம் 13ஆம், 14ஆம் தேதிகளின் இரவுகளில் ஜெர்மானிய விமானங்கள் இவ்வூரின்மேற் குண்டுமாரி பொழிந்தன. 528 உயிர்கள் மாண்டன. ஊரிலிருந்த ஏறக்குறைய 12,000 வீடுகளுள் சேதமடையாது தப்பியவை ஏழே என்பர். சிங்கர் ஆலையின் மரக்களஞ்சியம் தீப்பற்றி எரிந்தது. எனினும் ஆலை மீண்டும் இயங்கியது. குண்டுகளுக்குத் தப்பிய மணிக்கூட்டுக் கோபுரம், ஆலையைப் புதுப்பிக்கும் திட்டத்துக்காக 1963இல் இடிக்கப்பட்டது. 1980இல் ஆலையே மூடப்பட்டது. கப்பல் கட்டுந் தளமும் இன்று இல்லை. 1907இல் நிறுவப்பட்ட டைட்டன் என்னும் பெரும் பாரந்தூக்கி மட்டும் ஆற்றங்கரையில் தனித்து நிற்கின்றது.

ஒற்றைக் கையுடைய பொறி

இங்கே செய்யப்பட்ட தோல் தையற் பொறிகளுட் பெயர் பெற்றது ‘29கே’ என்னும் வகை. ‘கே’ என்னும் எழுத்து கில்போவியைக் குறிப்பது. ஆகவே உலகின் எந்த மூலையில் இப்பொறி நின்றாலும், தன் பிறந்த ஊரின் முதலெழுத்தைத் தன்னோடு வைத்திருக்கின்றது.

துணி தைக்கும் பொறிக்குத் தட்டையான அடித்தளம் உண்டு. சப்பாத்தைத் தட்டையாக விரிக்க முடியுமா? அதனால் இப்பொறிக்கு அடித்தளத்துக்குப் பதிலாக நீண்டு மெலிந்த ஓர் இரும்புக் கை அமைக்கப்பட்டுள்ளது. அக்கையைச் சப்பாத்தினுள்ளே நுழைத்து, விரல் நுனி இருக்கும் இடம்வரை கொண்டுபோய்த் தைக்கலாம். கையின் நுனியிலே, ‘சட்டில்’ எனப்படும் சிறு ஓடம் கீழ்நூலைத் தாங்கி அங்குமிங்கும் ஆடும்.

இதனினும் வியப்பானது அதன் பாதம். வீட்டுப் பொறியில் துணியை நகர்த்தும் பற்கள் கீழே இருக்கும். இதிலோ பாதமே தோலைப் பற்றி நகர்த்துகின்றது. ஊசி தோலைப் பிடித்திருக்கும் வேளையிற் பாதம் எழும்பித் தன் பழைய இடத்துக்கு மீளும்; ஊசி வெளியேறியதும் தோலைப் பற்றிக்கொண்டு அடுத்த அடி வைக்கும். அப்பாதத்தை எத்திசைக்கும் முழுவட்டமாகத் திருப்பலாம். ஆகவே, சப்பாத்தைத் திருப்பாமலே, முன்னும் பின்னும் பக்கமுமாக ஒட்டுத்தோலின் விளிம்பைச் சுற்றித் தைத்துவிடலாம். ஒன்றை மட்டும் நினைவிற் கொள்ளவேண்டும்: இது சப்பாத்தின் மேற்றோலைத் தைக்கும் பொறி, அடித்தோலைத் தைப்பதற்கன்று. அவ்வாறு வலிந்து தைக்க முயன்றவர்களாலேயே பல பொறிகள் கெட்டுப்போயின.

பாலத்தின் கீழ் ஒரு பட்டறை

கிளாஸ்கோவுக்குத் திரும்பி, நகரின் கிழக்குப் பகுதியில், புகையிரதப் பாலத்தின் வளைவொன்றின் கீழிருந்த சிறு பட்டறையைத் தேடிச் சென்றோம். அங்கே தொழில் செய்யும் முதியவர் எழுபது வயதைக் கடந்தவர். தோல் தைக்கும் பழைய பொறிகளைத் திருத்துவதே அவருக்கு முழுநேர வேலை. சுவரெங்கும் கொக்கோ டின்கள் அடுக்கப்பட்டிருந்தன; ஒவ்வொன்றின்மேலும் ஒரு கடதாசித் துண்டு. திருகாணி, விற்சுருள், ஓடம், பற்சில்லு என்று வகைவகையாய் உறுப்புக்கள் அவற்றுள் உறங்கின.

மேசையருகே ஓர் இளம்பெண் அமர்ந்து, கையில் அரத்துடன் ஓர் இரும்புத் துண்டை அராவிக்கொண்டிருந்தாள். அவள் தோற்பைகள் தைத்து விற்பவள். கிளைட்பாங்கிலே சப்பாத்துத் திருத்தும் கடை வைத்திருந்த அவளுடைய பாட்டனாரின் பொறியே மேசைமேல் இருந்தது. அவளுடைய தாயார் சிங்கர் ஆலையில் வேலை செய்து, 1980இல் ஆலை மூடப்பட்டபோது வேலையிழந்தவர்களுள் ஒருவர். பாட்டனார் மறைந்தபின் பொறி பல்லாண்டுகளாக ஈரமான கொட்டகையொன்றிற் கிடந்தது. அதை எடுத்துக்கொண்டு அவள் வந்தபோது முதியவர் கேட்ட கேள்வி ஒன்றே: “இது பார்ப்பதற்கா, தைப்பதற்கா?”

அக்கேள்வியின் பொருளை அவர் எமக்கு விளக்கினார். பொறியைச் சுரண்டிக் கறுப்புப் பூசிப் பொன்னிறச் சித்திரம் ஒட்டிப் புதிது போலாக்க இரண்டு நாட்கள் போதும். பெரும்பாலோர் அதையே விரும்புகின்றனர். தைக்கச் செய்வதற்கோ ஒரு மாதம் வேண்டும். முடிந்த பின்னும் பொறி பழையதாகவே காணப்படும். அவள் தைப்பதற்கு என்றாள். கூலி கட்டுப்படியாகாது என்று அவர் சொன்னபோது, தனக்குக் கற்றுத்தந்தால் அராவும் வேலையைத் தானே செய்வதாகச் சொன்னாள். அன்று தொடங்கிச் சனிக்கிழமை தோறும் வருகின்றாள்.

பொறுமையே முதற் கருவி

பழைய பொறியைக் கண்டதும் சில்லைப் பிடித்து வலிந்து சுழற்றுவதே பலர் செய்யும் முதற் பிழை என்றார் முதியவர். இறுகிப் போனதற்குக் காரணம் பெரும்பாலும் கறளன்று. காலத்தால் பிசினாகிவிட்ட பழைய எண்ணெய்தான். மண்ணெண்ணெயும் மெல்லிய எண்ணெயும் மூட்டுக்களில் விட்டு, ஒரு நாளன்று, பல நாட்கள் காத்திருக்க வேண்டும். இளஞ்சூடும் உதவும். ஒரு நூலளவு அசைந்ததும் மீண்டும் எண்ணெய், மீண்டும் காத்திருப்பு. அவசரப்பட்டவன் உடைத்த பல்லுக்கு மாற்றுத் தேடி அலைவான்.

வெளிப்பூச்சைத் துடைக்கவும் முறையுண்டு. பொன்னிறச் சித்திரங்களின்மேல் அரக்கு வார்னிஷ் பூசப்பட்டிருக்கும். மதுசாரம் பட்டால் அது கரையும். பொன்னிறமும் அதனோடு போய்விடும். ஆதலால் பஞ்சிற் பொறி எண்ணெய் தோய்த்து மெல்ல மெல்லத் துடைப்பதே நன்று. அப்பெண்ணின் பாட்டனார் கைபட்டுப்பட்டு, அவருடைய பொறியின் ஒரு பக்கத்திற் சித்திரம் முற்றாகத் தேய்ந்திருந்தது. அதை அப்படியே விட்டுவிட்டார்கள்.

உள்ளே நிகழ்வதே உண்மையான வேலை. கையினுள்ளே பற்களையுடைய சட்டமொன்று முன்னும் பின்னும் ஓடி, நுனியிலிருக்கும் சிறு பற்சில்லைத் திருப்புகின்றது. அப்பற்சில்லே ஓடத்தை ஆட்டுவது. ஊசி அடிவரை இறங்கிச் சற்றே மேலெழும் கணத்தில் நூலிற் சிறு வளையம் தோன்றும். ஓடத்தின் முனை அவ்வளையத்தினுள்ளே அக்கணமே நுழையவேண்டும். பற்கள் தேய்ந்தால் ஓடம் பிந்தும். பிந்தினால் தையல் தவறும். இன்னோரிடத்திலும் தேய்வு உண்டு. பாதத்தை இயக்கும் நெம்புகோலின் முனை ஆண்டுக்கணக்கில் உராய்ந்து குறைந்துவிடுமாயின், எவ்வளவு நீளத்துக்கு வைத்தாலும் தையல் குட்டையாகவே விழும். தேய்ந்த முனையில் உருக்கை உருக்கி ஏற்றி, பின் அரத்தால் அளவுக்கு அராவவேண்டும். அப்பெண்ணின் கையிலிருந்தது அந்நெம்புகோலே.

ஒன்றைக் காக்க இன்னொன்று

பற்சட்டத்துக்கும் பற்சில்லுக்கும் என்ன செய்தீர்கள் என்று வினவினோம். முதியவர் பட்டறையின் மூலையைக் காட்டினார். கை வெடித்த ஒரு 29கே அங்கே, உறுப்புக்கள் கழற்றப்பட்டு, வெறுங்கூடாய்க் கிடந்தது. அடிக்கடி தேயும் சில உறுப்புக்களைப் புதிதாகச் செய்து விற்போர் இன்றும் உளர். ஆயினும் எல்லாம் கிடைப்பதில்லை. கிடைப்பனவும் எப்பொழுதும் சரியாகப் பொருந்துவதில்லை. ஆகவே ஒரு பொறியை எழுப்ப இன்னொன்றைப் பிரிக்கவேண்டியிருக்கின்றது. அவ்வாறு பிரிக்கக்கூடியவையும் ஆண்டுக்காண்டு அருகிவருகின்றன. துணிக்கடைகளின் கண்ணாடிச் சாளரங்களை அலங்கரிப்பதற்கென்று பழைய பொறிகள் நூற்றுக்கணக்காக வாங்கப்பட்ட காலமும் ஒன்றிருந்தது. வார்ப்பிரும்புக் கால்கள் மேசைகளாகவும் மாறிவிடுகின்றன.

“அலங்காரத்துக்கு நின்றாலும் பரவாயில்லை, உருக்காமல் விட்டார்களே,” என்றார் முதியவர். சற்று நேரங் கழித்து, “உறுப்புக்கள் அருகிப்போவதைப் பற்றி நான் அவ்வளவு கவலைப்படுவதில்லை. அராவத் தெரிந்தவனுக்கு உறுப்பு ஒரு தடையன்று. அராவத் தெரிந்தவர்கள்தான் அருகிப்போகின்றார்கள்,” என்றும் சொன்னார். அவரிடம் பொறி திருத்தக் கற்க வந்தவர்கள் பத்து ஆண்டுகளில் மூவரே. இருவர் இடையில் நின்றுவிட்டனர்.

மேற்கு டன்பார்ட்டன்ஷயர் சபையின் அரும்பொருட் சேகரிப்பிலே நூற்றுக்கணக்கான தையல் இயந்திரங்களும் சிங்கர் ஆலையின் பழைய ஆவணங்களும் காக்கப்படுகின்றன. அங்குள்ள பொறிகளை எவரும் ஓட்டித் தேய்க்கமாட்டார்கள். அவை எவ்வாறு வந்தனவோ அவ்வாறே நிற்கவேண்டும். அதுவும் வேண்டியதே. எந்தத் திருகாணி எங்கே இருந்தது என்று சந்தேகம் வரும்போது, திருத்துவோருக்கு அவையே சாட்சி. ஆனால் எல்லாப் பொறிகளும் அரும்பொருட்சாலையிற் போய் நின்றுவிட்டால், அவற்றை ஓட்டும் கைகளின் அறிவு எங்கே போய் நிற்கும்? அதைக் கண்ணாடிப் பெட்டியில் வைக்க முடியாது.

பிற்பகல் மூன்று மணியளவில் நெம்புகோலைப் பூட்டினார்கள். மேல்நூலை, நீண்ட கம்பியொன்றால், பொறியின் தலையினுள்ளே மேலிருந்து கீழாக இழுத்து ஊசியிற் கோத்தார்கள். அப்பெண் கைச்சில்லைச் சுழற்றினாள். முதல் நான்கு தையல்களும் தவறின. முதியவர் ஒன்றும் பேசாது ஊசியைச் சற்றே உயர்த்தி வைத்தார். மீண்டும் சுழற்றியபோது நூல் பிடித்தது. தோற்றுண்டின் இருபுறமும் ஒரே சீராகத் தையல் ஓடியது. அவள் அளவுகோலை வைத்துப் பார்த்தாள். முன்னர் வேண்டிய நீளத்தில் அரைப்பங்கே வந்த தையல் இப்போது முக்காற்பங்கு வந்திருந்தது. முகத்தில் மகிழ்ச்சியைக் காட்டாது நெம்புகோலை மறுபடியும் கழற்றினாள். அடுத்த சனிக்கிழமை இன்னும் சிறிது உலோகம் ஏற்றி அராவவேண்டும் என்றாள்.

நம் ஊர்ப் பொறிகள்

இயந்திரங்களின் பெருக்கத்தை எதிர்த்துப் பேசிய காந்தியடிகள், தையல் இயந்திரத்துக்கு மட்டும் விலக்களித்தார் என்பது பலர் அறிந்ததே. 1924இல் இதுபற்றி வினவப்பட்டபோது அவர் எடுத்துக்காட்டியதும் சிங்கரையே. அப்படியாயின் அதனைச் செய்யும் ஆலைகள் வேண்டுமே என்று மடக்கிக் கேட்கப்பட்டது. அவ்வாலைகள் அரசின் உடைமையாகவோ கட்டுப்பாட்டிலோ இருக்கவேண்டும், தொழிலாளர் நல்ல நிலையில் வேலை செய்யவேண்டும் என்பது அவருடைய மறுமொழி. 1911இல் வெளியேறிய அப்பன்னிரு பெண்களை நினைக்கும்போது அம்மறுமொழியின் நியாயம் விளங்குகின்றது. கில்போவி ஆலையின் இலாபமும் நட்டமும் இன்று ஏட்டுக் கணக்காகிவிட்டன. அத்தொழிலாளரின் கைவண்ணமோ, ஒரு சிறு கடைக்காரனுக்கு நாள்தோறும் சோறு கொடுத்துக்கொண்டிருக்கின்றது.

சீன நாட்டில் இதே வகையிற் செய்யப்படும் மலிவான கைப்பொறிகள் இன்று உலகெங்கும் விலைப்படுகின்றன. அவற்றாற் பிழைப்போரும் பலர். அதை நாம் குறைகூற வேண்டுவதில்லை. எனினும் அடுத்த முறை அறுந்த சப்பாத்தையோ பாடசாலைப் பையையோ தைக்கக் கொடுக்கும்போது, அக்கடையிலுள்ள பொறியைச் சற்று உற்று நோக்குமாறு வாசகர்களைக் கேட்டுக்கொள்கின்றோம். பழைய சிங்கராயின் அதன் உடம்பிலே எழுத்தோடு கூடிய தொடரிலக்கம் பொறிக்கப்பட்டிருக்கும். எஃப், ஜே, வை என்னும் எழுத்துக்களில் ஒன்றேனும், ‘ஈ’ என்ற எழுத்தோடு இன்னோர் எழுத்துச் சேர்ந்தேனும் தொடங்குமாயின், அது கிளைட்பாங்கிற் பிறந்தது. ஆங்கில நெடுங்கணக்கின் எழுத்துக்களே இவை.

அவ்வெழுத்தைக் கண்டவுடன் பழம்பொருளென்று விலை பேசவேண்டாம். அதை ஓட்டும் பெரியவரிடம், இது எங்கே தேய்ந்தது, எப்படிச் சரிசெய்தீர்கள் என்று கேளுங்கள். அவர் சொல்லத் தொடங்கினால் நேரம் போவது தெரியாது. பக்கத்திலே பிள்ளைகள் நின்றால், அவர்களையும் சற்று நின்று கேட்கச் செய்யுங்கள்.